தலையாட்டச் சொன்னவருக்கு

அன்பும் கோபமும் சரிபாதியாகக் கலந்து என் வீட்டுக்காரருக்கு எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். மகள் நலம். வீடு நலம், குளியலறைக் குழாய் மட்டும் மறுபடி ஒழுக ஆரம்பித்திருக்கிறது. நீங்களும் கப்பல் பட்டறையில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கை எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான்.

கையெழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். என்னுடையதுதான். பேனா மெல்லியதாக இருந்தால் பிடிக்க முடியவில்லை என்று, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வெட்டி அதைச் சுற்றிக் கட்டிக் கொடுத்திருக்கிறாள் மகள். பேனா இப்போது ஒரு கேரட் அளவுக்கு இருக்கிறது. நீங்க சொல்லுங்கம்மா, நான் டைப் பண்ணித் தரேன் என்றுதான் முதலில் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். புருஷனோடு சண்டை போடுவதற்குக் கூடவா ஆள் வைத்துக்கொள்வது? போனிலேயே மெசேஜ் அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். அனுப்பினால் நீங்கள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றை எனக்குத் திருப்பி அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவீர்கள். எனக்குத் தெரியாதா உங்களை?

கையால் பேசும்போது நமக்குள் நீ, நீங்கள் என்ற வித்தியாசம் கிடையாது. விரலை நீட்டினால் முடிந்தது. எழுதும்போதுதான் இந்த மரியாதையெல்லாம். கோபமாக இருந்தாலும் மரியாதையாகவே எழுதப் பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் நின்றுபோனதே, சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பீர்கள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் அணைத்தேன்.

மாடி வீட்டு அம்மா லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட கதையை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல இடத்துக்கு வரும்போது வலது மணிக்கட்டு சுருக்கென்று பிடித்துக்கொண்டது. இடது கையால் அதைத் தடவிவிட்டேன். அவ்வளவுதான். உடனே நீங்கள் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினீர்கள். போதும் போதும், கைய ஆட்டாதே, வலிக்குது பார், நான் கேக்கறதுக்குத் தலைய மட்டும் ஆட்டு என்றீர்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தீர்கள். சாப்பிட்டியா. மாத்திரை போட்டியா. அவ ஒழுங்கா படிக்கிறாளா. நானும் ஆட்டினேன். திரையின் மூலையில் என் முகம் சின்னதாகத் தெரிந்தது. கார்களில் முன்னால் ஒட்டி வைத்திருப்பார்களே, வண்டி குலுங்கினால் தலையாட்டும் நாய் பொம்மை, அச்சு அசல் அதுவேதான். அதைப் பார்த்ததும்தான் அணைத்தேன்.

காது கேட்கும் மனுஷன் யாராவது பெண்டாட்டியைப் பார்த்து, உனக்குத் தொண்டை கட்டியிருக்கு, இனிமே பேசாதே, நான் பேசுறேன் நீ தலையாட்டு என்று சொல்வானா? சொன்னால் அவள் சும்மா இருப்பாளா? உங்களுக்கும் கேட்காது, எனக்கும் கேட்காது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நம் வீட்டில் சண்டையும் சமாதானமும் கொஞ்சலும் எல்லாமே இந்தக் கைகளால்தான் நடந்திருக்கிறது. எனக்கு இருக்கும் ஒரே வாய் இதுதான். இதை மூடு என்று சொல்ல நீ யார்?

பார்த்தீர்களா, மரியாதை போய்விட்டது. அடித்துவிட்டு எழுதலாம் என்று பார்த்தேன், இருக்கட்டும். கேட்க வேண்டியதுதானே.

மாடி வீட்டு அம்மா கடைசியில் எப்படி வெளியே வந்தார் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. தெரியாமலே இருங்கள். அதுதான் உங்களுக்குத் தண்டனை. கை போதும் என்கிறது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

*

நாளைக்கு என்று எழுதியிருந்தேன். முந்தாநாள் மாத்திரை நாள். வாரம் ஒருமுறை போடுகிற அந்த மாத்திரையைப் போட்டால் மறுநாள் முழுக்க வாயில் தகரத்தை மென்ற மாதிரி இருக்கும், தலை தூக்க முடியாது. அதனால் இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

போன தடவை நீங்கள் விடுமுறையில் வந்தபோது மோதிரம் கழற்ற வரவில்லை என்று சோப்பு போட்டு இழுத்தோமே, அப்போது இது ஆரம்பம். இப்போது காலையில் எழுந்திருக்கும்போது நான் வாயடைத்துப் போய்த்தான் எழுந்திருக்கிறேன். விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கும். திறக்காது. பாதத்தைத் தரையில் வைத்தால் யாரோ செருப்புக்குள் கூழாங்கல்லைப் போட்டு வைத்த மாதிரி இருக்கும். வெந்நீரில் கைகளை முக்கிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருப்பேன். மகள் எதிரே உட்கார்ந்து, ஸ்கூலுக்குக் கிளம்புகிற வரைக்கும் தொணதொணவென்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். நான் புருவத்தாலேயே பதில் சொல்வேன். வெயில் பாத்திரம் கழுவும் தொட்டி வரைக்கும் வரும்போதுதான் விரல் ஒவ்வொன்றாக அசையும். அதற்குப் பிறகு நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்கிறாள் அவள். யாருக்கு யார் சொல்வது என்று பாருங்கள்.

மூட்டு டாக்டரிடம் போனோம். இந்த முடக்குவாதம் வயதானதால் தேய்ந்து வருவது இல்லையாம். உடம்பைக் காப்பாற்ற உள்ளே ஒரு காவல் படை இருக்கிறதாம், அது குழம்பிப்போய்ச் சொந்த மூட்டுகளையே திருடன் என்று நினைத்து அடிக்கிறதாம். டாக்டர் படமெல்லாம் போட்டு விளக்கினார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. நம் வீட்டு நாய், தெருவில் போகிறவர்களை எல்லாம் விட்டுவிட்டு, பெட்டியோடு வந்து இறங்கிய உங்களைக் கடித்ததே, அதே கதைதான்.

கடைசியில் டாக்டர், கைய ரொம்ப ஆட்ட வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லும்மா என்றார். டாக்டர் பேச்சைக் கையால் எடுத்துச் சொல்ல வந்த நம் வாயாடி மகள் அதை எனக்குச் சொல்லவே இல்லை. அவரையே திருப்பிக் கேட்டிருக்கிறாள், நீங்க ஒரு நாள் பூரா பேசாம இருந்து பாருங்க டாக்டர், முடியுதான்னு பாக்கலாம் என்று. அவர் என்னைப் பார்க்கிறார், என் கையைப் பார்க்கிறார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நீங்க பேசற மாதிரி கொஞ்சம் பேசிக் காட்டுங்க என்றார். நானும் காட்டினேன். எந்த அசைவில் வலி, எதில் வலி இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். வீக்கம் அதிகமான நாளில் கொஞ்சம் குறைச்சுக்குங்க, மத்த நாள்ல அசைக்கறது நல்லதுதான், அசைக்காம விட்டாத்தான் இறுகிப்போகும் என்று மாற்றிச் சொன்னார். ரத்தப் பரிசோதனையில் வீக்கத்தின் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம். மருந்து மெதுவாகத்தான் பிடிக்குமாம்.

அக்கம்பக்கத்து இலவச வைத்தியர்களைப் பற்றி எழுதவில்லை. ஒருவர் உருளைக்கிழங்கை விடச் சொல்கிறார், இன்னொருவர் தக்காளியை விடச் சொல்கிறார். உங்களை விட வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் ஒன்று நடந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் அதைத்தான் சொல்ல வந்தேன். லிஃப்ட் கதையை முன்னால் வைத்துக்கொண்டது தைரியம் வருவதற்காக. நீங்கள் என்னைச் சொல்ல விட்டால்தானே.

என் குட்டி வகுப்பைப் பற்றி உங்களுக்குத் தெரியும். எல்லாம் கேட்கிற வீட்டில் பிறந்த கேட்காத குழந்தைகள். வீட்டில் யாருக்கும் கைப்பேச்சு தெரியாது. ஒரு வார்த்தை கூட இல்லாமல் வந்து உட்காரும். என் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் முதல் வார்த்தையைப் பிடிக்கும். அதில் ஒன்றை நான் குருவி என்று கூப்பிடுவேன், உதட்டருகே விரலைக் கொத்துகிற மாதிரி வைத்து. வந்தபோது மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். இப்போது மொழி வந்துவிட்டது, ஓயாது.

அந்தக் குருவியின் அம்மா போன வாரம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர், விவரமானவர். என் பொண்ணுக்குக் கைல ஏதோ பிரச்சனை இருக்கு, எது சொன்னாலும் சொல்லி முடிச்ச உடனே மணிக்கட்டைப் பிடிச்சு விட்டுக்கறா, டாக்டர்கிட்ட காட்டினா ஒண்ணுமே இல்லங்கறார், இங்க யாராவது கையப் பிடிச்சு முறுக்கறாங்களா என்று கேட்டிருக்கிறார். தலைமை ஆசிரியை பதறிப்போய் வகுப்புக்கு வந்தார். குருவியிடம், நேத்து என்ன விளையாடினே என்று கேட்டார். பந்து என்றது குருவி. சொல்லிவிட்டு மணிக்கட்டைத் தடவியது. பக்கத்துக் குழந்தையைக் கேட்டார். ஊஞ்சல் என்றது, தடவியது. அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது, எல்லாமே பேசிவிட்டுத் தடவுகின்றன.

சாப்பிட்டால் கை கழுவுவது போல, பேசினால் கையைத் தடவ வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன. நல்ல பழக்கம் என்று என்னிடமிருந்து கற்றுக்கொண்டது.

அப்புறம்தான் விரல்களைப் பார்த்தேன். ஐந்து என்றால் விரல்கள் நேராக விரிய வேண்டும். அவற்றின் ஆள்காட்டி விரல் பாதி மடிந்து நிற்கிறது. சுண்டுவிரல் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. பிஞ்சு விரல்கள், ஒரு வீக்கம் இல்லை, ஒரு வலி இல்லை. என் நோயை மட்டும் அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. எல்லாமே என்னைப் பார்த்துச் சிரித்தன, சரியாகச் சொன்னோமா என்று.

பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதை ஏன் மறைக்க வேண்டும்? நன்றாகவே அழுதேன். என்னிடம் இருப்பதிலேயே நல்லதைத்தானே அவற்றுக்குக் கொடுத்தேன், அதில் இதுவும் ஒட்டிக்கொண்டு போய்விட்டதே என்று.

வெளியே வந்தால் தலைமை ஆசிரியை நிற்கிறார். அவருக்குக் கைப்பேச்சு ஓரளவு வரும், சொற்களைத் தேடித் தேடிப் போடுவார். நீங்க அடுத்த மாசத்திலேர்ந்து லைப்ரரியப் பாத்துக்குங்க, கைக்கும் ஓய்வா இருக்கும், சம்பளம் அதேதான் என்றார். என் தோளைத் தட்டிக்கொடுத்தார். என் வகுப்பை டிரில் மாஸ்டர் எடுத்துக்கொள்வாராம்.

டிரில் மாஸ்டரை நீங்கள் ஆண்டு விழாவில் பார்த்திருக்கிறீர்கள். கேட்கிறவர். பயிற்சி வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டவர். விரலெல்லாம் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருக்கும். முகத்தில் ஒரு சுருக்கம் அசையாது. எல்லோரும் சந்தோஷமாக இருங்கள் என்பதையும், எல்லோரும் வரிசையில் நில்லுங்கள் என்பதையும் ஒரே முகத்தோடு சொல்வார். தங்கமான மனிதர். அவரிடம் என் குருவி திரும்பவும் மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தலைமை ஆசிரியையும் நல்லவர். நீங்களும் நல்லவர். நல்லவர்களாகச் சேர்ந்துதான் என்னை ஊமையாக்கப் பார்க்கிறீர்கள். கெட்டவர்களாக இருந்தால் இதற்குள் ஒரு கை பார்த்திருப்பேன்.

*

இது மூன்றாவது தடவையாக உட்கார்வது. நடுவில் நிறைய நடந்துவிட்டது, அதனால் தாமதம். வாசலில் இருந்த குழாய்க்காரரைக் கூட நிற்க வைத்துவிட்டு எழுதுகிறேன். பயப்படாதீர்கள், உள்ளே விட்டுவிட்டேன், வேலை செய்துகொண்டிருக்கிறார்.

போன தடவை எழுதியதற்கு மறுநாள், விரல் நன்றாகத் திறந்த பிறகு, தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனேன். லைப்ரரிக்குப் போகமாட்டேன் என்றேன். உங்க உடம்புக்காகத்தானே சொல்றேன், ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றார். உடம்பு என்னுடையது, பேச்சும் என்னுடையது, நீங்கள் கவலைப்பட வேண்டியது குழந்தைகளின் கையைப் பற்றி, அதை மட்டும் பேசலாம் என்றேன். எனக்கு ஒரு வாரம் கொடுங்கள், வந்து வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள், அவற்றின் விரல் நேராகவில்லை என்றால் நானே சாவியை வாங்கிக்கொண்டு லைப்ரரிக்குப் போகிறேன் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, என்ன செய்யப்போகிறேன் என்று ஒரு யோசனையும் இல்லை.

வகுப்புக்குப் போய் நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். டாக்டர் போடச் சொன்ன மணிக்கட்டுப் பட்டைகளைக் கழற்றி வைத்தேன். இதுவரைக்கும் குழந்தைகளுக்கு முன்னால் அதைக் கழற்றியதே இல்லை. கைகளை நீட்டி, தொட்டுப் பாருங்கள் என்றேன். முதலில் ஒன்றும் வரவில்லை. குருவிதான் வந்து விரல் முட்டியின் மேல் ஒரே ஒரு விரலை வைத்துப் பார்த்தது. சூடா இருக்கு என்றது. பிறகு எல்லாம் மொய்த்துக்கொண்டன. நம் நாய் உங்களைக் கடித்த கதையைச் சொன்னேன். அதே மாதிரி என் உடம்புக்குள் ஒரு முட்டாள் நாய் இருக்கிறது, என் கையைக் கடிக்கிறது, அதனால் என் விரல் நேராக வராது, உங்கள் விரலுக்கு நாய்க்கடி இல்லை, அது நேராக வரும் என்றேன். குருவி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டது. மெதுவாக ஆள்காட்டி விரலை நிமிர்த்தியது. நிமிர்ந்தது. அதன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து அதுவே விளையாட்டாகிவிட்டது. நான் கோணலாகச் சொல்வேன், அவை நேராகச் சொல்ல வேண்டும். மரம் என்பேன். எனக்கு அது புயலில் சாய்ந்த மரமாக வரும். அவை விறைப்பாக ஒரு மரத்தை நட்டுக் காட்டும். டீச்சர் தப்பு என்று சொல்வதில் குழந்தைகளுக்கு எவ்வளவு ஆனந்தம் என்று எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாமல் போய்விட்டது. ஒன்று எழுந்து வந்து என் விரலைப் பிடித்து நிமிர்த்தவே பார்த்தது. இன்னொன்று ஓடி வந்து, மெதுவாடா, வலிக்கும் என்று அதை அதட்டியது.

மணிக்கட்டைத் தடவுவது வலிக்கிறவர்கள் மட்டும் செய்வது என்று சொன்னேன். அதில்தான் சிக்கல் வந்தது. முன்பல் விழுந்த ஒரு பையன், அப்ப நீங்க பேசி முடிச்சிட்டீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். நியாயமான கேள்விதானே. நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, என் கையைப் பார்க்காதே, கண்ணைப் பார், என் கண் உன்னை விட்டு நகர்கிற வரைக்கும் நான் முடிக்கவில்லை என்று அர்த்தம் என்றேன். இப்போது எல்லாம் என் கண்ணையே முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. தும்மக் கூட முடியவில்லை.

தலைமை ஆசிரியை வருவதாகச் சொன்ன நாளில் என் கை காலை வாரிவிட்டது. காலையிலிருந்து இரண்டு கையும் பொதபொதவென்று வீங்கிக் கிடந்தது. வெந்நீருக்கும் அசையவில்லை. மதியம் வரைக்கும் கட்டை விரல் மட்டும்தான் என் பேச்சைக் கேட்டது. அவருக்கே பார்த்துப் பாவமாகப் போய், இன்னொரு நாள் வரட்டுமா என்றார். இன்றைக்கே பாருங்கள் என்றேன். நல்ல நாளில் பார்த்துவிட்டுப் போனால் என் கெட்ட நாட்களை யார் பார்ப்பது? அவர் கடைசி வரிசையில் குழந்தைகள் நாற்காலியில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்துகொண்டார்.

மறுபடி அந்த நாய்க் கதையையே எடுத்தேன். விரல் வராத இடத்தில் முழங்கையால் சொன்னேன். முழங்கை வராத இடத்தில் தோளால் சொன்னேன். நீங்கள் பெட்டியை முன்னால் பிடித்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நின்ற இடத்தை முகத்தாலேயே சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன், வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது. குழந்தைகள் அதைக் கூட, நீங்கள் அழுதது என்று எடுத்துக்கொண்டுவிட்டன. பிறகு ஒவ்வொன்றாக எழுந்து அதே கதையைத் திருப்பிச் சொல்லின. விரல்கள் எல்லாம் நேர். குச்சி குச்சியாக நேர். ஒன்று கூட மணிக்கட்டைத் தடவவில்லை. குருவி நாயாகவே மாறி, கதவருகே வந்து நின்றிருந்த டிரில் மாஸ்டரின் காலைக் கடிக்கப் போய்விட்டது. அந்த மனிதர் சிரித்தார். முகம் அசைந்தது. நான் பார்த்தேன்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. குழந்தைகள் திருப்பிச் சொல்வதற்கு முன்னாலேயே, நான் சொல்லும்போதே, தலைமை ஆசிரியை சிரித்துவிட்டார். அப்படியென்றால் என் கோணல் கையே அவருக்குப் புரிந்திருக்கிறது.

இந்த வருஷம் வகுப்பு என்னுடையதுதான். காலை முதல் மணி நேரம் டிரில் மாஸ்டர் குழந்தைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போவார், என் விரல் திறந்த பிறகு நான் எடுத்துக்கொள்வேன். அடுத்த வருஷம் பாக்கலாம் என்றார் தலைமை ஆசிரியை. பார்க்கலாம் என்றேன் நானும். குருவியின் அம்மாவுக்கு இன்னும் திருப்தி இல்லை. மகளை அழைத்துப்போக வரும்போது ஜன்னல் வழியாக என் கையைத்தான் பார்க்கிறார். பார்க்கட்டும். நானும் கையை மறைப்பதில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் விடுமுறையில் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்தால், சொந்த நாயிடம் கடிபட்டு நாற்காலியில் ஏறி அழுதவர் என்றுதான் எல்லாக் குழந்தைகளும் உங்களைச் சொல்லும். அதற்கு நான் பொறுப்பில்லை.

வேலையை விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று மகளிடம் ரகசியமாகக் கேட்டிருக்கிறீர்கள். அம்மாகிட்ட சொல்லாதே என்று வேறு சொன்னீர்களாம். அவளிடம் போய் ரகசியம் சொல்கிறீர்களே. வந்து என்ன செய்யப் போகிறீர்கள்? எதிரே உட்கார்ந்துகொண்டு, சாப்பிட்டியா, தலையாட்டு, தூங்கினியா, தலையாட்டு என்பீர்கள். அதற்கு நாயே போதும். எப்போதும் போல விடுமுறைக்கு வாருங்கள். ஐயோ பாவம் என்று யாரும் வர வேண்டாம், உங்களுக்கு என்னைப் பார்க்க வேண்டும் என்று இருந்தால் வாருங்கள்.

கஷ்டமே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். போன வாரம் ஒரு பாட்டில் மூடி திறக்கவில்லை என்று பாட்டிலையே ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன். நல்ல வேளை, கீழே யாரும் இல்லை. சட்டைப் பட்டன் போட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து நீங்கள் இருந்தால் போட்டு விடுவீர்களே என்று நினைத்த நாளும் உண்டு. எனக்கு வேறு ஒரு பயமும் இருக்கிறது, அதை உங்களிடம் தவிர யாரிடம் சொல்வேன். மருந்து பிடிக்காமல் போனால், ஒரு நாள் இந்தக் கை சுத்தமாகவே பேசாமல் போய்விட்டால்? அன்றைக்குத் தோளால் பேசுவேன். தோளும் போனால் புருவத்தால் பேசுவேன். அதுவும் போகட்டும், அப்போது தலையாட்டச் சொல்லுங்கள், ஆட்டுகிறேன். அதற்கு முன்னால் சொல்லாதீர்கள்.

பல் விழுந்த உங்கள் மாமா பேசுவது எல்லோருக்கும் புரிகிறதாம், மகள் சொல்வாள். முதலில் கஷ்டமாக இருக்கும், கூர்ந்து கேட்டால் பழகிவிடும் என்பாள். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயரையே எடுத்துக்கொள்ளுங்களேன். தீப்பொறி பட்ட தழும்புக்காக, காது கேட்காத நம் கூட்டத்தில் கையாலேயே வைத்த பெயர். இரண்டு விரலைச் சேர்த்து நேராக நீட்டி இடது புருவத்துக்கு மேலே ஒரு தொடு தொட்டால் நீங்கள். இப்போது என் இரண்டு விரலும் சேர்ந்து நிற்பதில்லை. ஒன்று மடங்குகிறது, ஒன்று சாய்கிறது. புருவத்தில் பட வேண்டியது சில நாள் கன்னத்தில் படுகிறது. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். முதலில் அழுகை வந்தது. சொல்லச் சொல்ல, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றிவிட்டது. இந்த மாதிரி உங்களை வேறு யாரும் கூப்பிட முடியாது.

குழாய்க்காரர் முடித்துவிட்டார், ஒழுகல் நின்றுவிட்டது. நானும் முடிக்க வேண்டும். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். கண்ணாடி போடாமல் வெல்டிங் வைக்காதீர்கள், சும்மா ஒரு நிமிஷ வேலைதான் என்று கூட வேண்டாம். உங்கள் கண் எனக்கு வேண்டும். என் பேச்சு போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். அது நூறு வயது வரைக்கும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கூப்பிடுங்கள், விரல் திறந்திருக்கும். லிஃப்ட் கதையின் முடிவைச் சொல்கிறேன், தண்டனை போதும். முதலில் உங்கள் பெயரைச் சொல்வேன், கோணலாகத்தான் வரும், உங்களைத்தான் கூப்பிடுகிறேன் என்று தெரிந்துகொள்ளுங்கள். நடுநடுவே மணிக்கட்டைத் தடவுவேன். முகம் சுளிப்பேன். அப்போது கையைக் காட்டி நிறுத்தாதீர்கள். போனை வைத்துவிடாதீர்கள். என் கண்ணைப் பாருங்கள். அது உங்களை விட்டு நகரவில்லை என்றால், கொஞ்சம் பொறுங்கள், அடுத்த வார்த்தை வந்துகொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
இன்னும் பேசி முடிக்காத
உங்கள் மனைவி